கப்பலேறிய பறவைகளின் மரபணு வரலாறு

மனிதர் தெரிந்தோ தெரியாமலோ வேறொரு நிலப்பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கே எவருடைய உதவியுமின்றிக் குஞ்சு பொரித்துப் பெருகி நிலைத்துவிட்ட பறவைகள் அயல் பறவைகள் எனப்படுகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் மூன்று பறவைகள் இடம்பெற்றன: மைனா, செங்குதச் சின்னான், ஐரோப்பிய ஸ்டார்லிங். முதல் இரண்டும் தமிழ்நாட்டில் வேலியோரத்திலும் மின்கம்பியிலும் அன்றாடம் காணக்கிடைப்பவை. பேச்சுவழக்கில் கொண்டைக்குருவி என்று சொல்லப்படுவது அந்தச் சின்னான்தான். சொந்த மண்ணில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இவை, கடல்கடந்த தீவுகளில் உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடுங்குகின்றன, பழத்தோட்டங்களைச் சேதப்படுத்துகின்றன, களைச்செடிகளின் விதைகளைக் காடெங்கும் தூவுகின்றன.

சில டஜன் பறவைகளில் தொடங்கிய கூட்டம் ஒரு கண்டம் முழுக்க எப்படிப் பரவுகிறது, அந்தப் பரவலின்போது அதன் மரபணுக்களுக்கு என்ன நேர்கிறது என்பவை பரிணாம உயிரியல் நெடுநாளாக ஆராய்ந்துவரும் கேள்விகள். இயற்கையில் நடக்கும் இடப்பெயர்வுகளுக்குத் தொடக்க ஆண்டு தெரியாது. வந்துசேர்ந்த முதல் பறவைகளின் எண்ணிக்கையும் தெரியாது. மனிதர் கொண்டுசென்ற பறவைகளுக்கோ பல வேளைகளில் இரண்டுமே ஆவணங்களில் உள்ளன. அதனால்தான் பரிணாமத்தின் வேகத்தை அளக்க விரும்புவோர் இவற்றைத் தேடிப் போகிறார்கள்.

மைனாவின் கடல் பயணம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. மொரீஷியஸ் தீவின் பயிர்களைச் சிவப்பு வெட்டுக்கிளிகள் அழித்துக்கொண்டிருந்தபோது, அவற்றைத் தின்பதற்கென்று 1762இல் இந்தியாவிலிருந்து மைனாக்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. ஒரு பூச்சியை அடக்க வேறு நாட்டிலிருந்து அதன் எதிரியைத் தருவித்த மிகப் பழைய நிகழ்வுகளில் ஒன்றாக வேளாண் நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. அடுத்த நூறு ஆண்டுகளில் இதே நோக்கம் பல நாடுகளில் தலைதூக்கியது. 1862இல் மெல்போர்ன் நகரத்துக் காய்கறித் தோட்டங்களுக்காகவும், 1865இல் ஹவாய்த் தீவுகளின் புல்வெளிப் புழுக்களுக்காகவும் மைனாக்கள் இறக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து சில நியூசிலாந்துக்குப் போயின. அங்கே வட தீவில் பெருகிய அவை குளிர் மிகுந்த தென் தீவில் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு: 1902 வாக்கில் டர்பன் நகரில் கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்பு மைனாக்களே அந்நாட்டுக் கூட்டத்தின் மூதாதைகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஏற்றுமதி இறக்குமதிக்கென்றே சங்கங்கள் இருந்தன. பாரிஸில் 1854இலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1861இலும் தொடங்கப்பட்ட அச்சங்கங்கள், குடியேறிகளின் தாயகத்துப் பறவைகளைப் புதிய மண்ணுக்குப் பழக்கப்படுத்துவதைத் தொண்டாகவே கருதின. சிட்டுக்குருவி 1851–52இல் நியூயார்க்கின் புரூக்ளினில் விடப்பட்டது. யூஜின் ஷிஃபெலின் என்பவர் ஐரோப்பிய ஸ்டார்லிங்குகளை 1890இல் 60, 1891இல் 40 என்ற கணக்கில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் திறந்துவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவில் அவற்றின் எண்ணிக்கை சுமார் 20 கோடி என்று மதிப்பிடப்பட்டது. பச்சைக்கிளி செல்லப்பறவை வணிகத்தின் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. காக்கையோ சரக்குக் கப்பல்களில் தானாகவே ஏறிக்கொண்டு செங்கடல் துறைமுகங்களுக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் போய்ச் சேர்ந்தது.

வெற்றி பெற்றவையே நினைவில் நிற்பதால் தோல்விகள் எளிதில் மறக்கப்படுகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1889 வாக்கில் விடப்பட்ட ஸ்டார்லிங்குகள் சில ஆண்டுகளில் தடயமின்றி அழிந்துபோயின. இப்படி அழிந்த முயற்சிகள் ஏராளம். எது நிலைக்கும் எது அழியும் என்பதைக் கணிக்க இனத்தின் உடலளவு, உணவு, மூளையின் அளவு எனப் பலவற்றை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பெரிய மூளையுள்ள பறவைகள் புதிய சூழலில் ஓரளவு கூடுதலாக வெற்றி பெறுகின்றன என்பது உண்மையே. ஆனால் நியூசிலாந்துச் சங்கங்களின் விரிவான பதிவுகளிலிருந்தும் பிற நாடுகளின் பதிவுகளிலிருந்தும் திரும்பத் திரும்பத் தெரியவருவது ஒன்றுதான்: எத்தனை பறவைகள், எத்தனை முறை விடப்பட்டன என்பதே முடிவை மிகுதியாகத் தீர்மானிக்கிறது. சிறு கூட்டத்தை ஒரு கடுங்குளிர்காலமோ ஒரு புயலோ துடைத்துவிடும். பெரிய கூட்டம் அதைத் தாண்டிவிடும். மரபணுக்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இந்த எண்ணிக்கைக் கணக்கு வேலையைத் தொடங்கிவிடுகிறது.

மரபணுக் கணக்கும் எண்ணிக்கையைத்தான் சார்ந்திருக்கிறது. ஒரு மரபணு ஒரே இனத்துக்குள் பல மாற்று வடிவங்களில் இருக்கும். அவை அல்லீல்கள் எனப்படுகின்றன. பல தானியங்கள் கலந்த மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினால், மிகுதியாக உள்ளவை தவறாமல் கைக்கு வரும், அரிதானவை பெரும்பாலும் மூட்டையிலேயே தங்கிவிடும். கூண்டில் அடைத்துக் கப்பலேற்றப்பட்ட பறவைகளும் அப்படிப்பட்ட ஒரு பிடிதான். தாயகத்தில் அரிதாக இருந்த அல்லீல்கள் புதிய கூட்டத்தில் காணாமல் போகின்றன. தற்செயலாக உடன்வந்த ஓர் அரிய அல்லீல் அங்கே சாதாரணமாகிவிடவும் கூடும். இதற்கு நிறுவனர் விளைவு என்று பெயர். கூட்டம் சிறியதாக இருக்கும்வரை ஒவ்வொரு தலைமுறையிலும் எந்த அல்லீல் தொடரும், எது அறுந்துபோகும் என்பதில் தற்செயலுக்குப் பங்குண்டு. இது மரபியல் நகர்வு எனப்படுகிறது.

ஆலன் பேக்கர், அப்துல் மொயீது ஆகிய இருவரும் 1987இல் வெளியிட்ட மைனா ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இந்திய மைனாக்களையும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜி, ஹவாய், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் மைனாக்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். டி.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கும் வசதி பரவலாகாத காலம் அது. புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு, அவை நகரும் தூரத்தை வைத்து மரபணு வேறுபாடுகளைக் கண்டறிந்தார்கள். புதிய கூட்டங்களில் அரிய அல்லீல்கள் பல இல்லை. அதைவிடக் கவனிக்கத்தக்கது, இந்தியாவுக்குள் ஒன்றுக்கொன்று மிகச் சிறிதளவே வேறுபட்ட மைனாக்கள், குடியேறிய நாடுகளில் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்று அதைவிடப் பல மடங்கு விலகியிருந்தன. இந்த விலகலை விளக்கத் தற்செயலே போதும். ஒவ்வொரு நாட்டின் தட்பவெப்பத்துக்கும் மைனா தன்னைத் தகவமைத்துக்கொண்டது என்று சொல்லிவிட அது சான்றாகாது. அயல் பறவைகளைப் பற்றிய எழுத்துகளில் இந்த இரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. மாற்றம் நடந்திருக்கிறது என்பது ஒன்று. அந்த மாற்றம் பறவைக்குப் பயன்பட்டது என்பது வேறு. இரண்டாவதற்குத் தனிச் சான்று வேண்டும்.

மரபணு வளம் குன்றுவதால் உண்மையான தீங்கு உண்டு. நியூசிலாந்தில் 22 உள்நாட்டு இனங்களையும் 15 அயல் இனங்களையும் வைத்துச் செய்யப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 150 பறவைகளுக்கும் குறைவான நிலைக்குச் சுருங்கி மீண்ட இனங்களில் பொரியாத முட்டைகளின் விகிதம் கூடியிருந்தது. வந்திறங்கி ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், மிகச் சிலவாகத் தொடங்கியதன் விலையை அந்த இனங்கள் இன்னும் கூட்டில் செலுத்திக்கொண்டிருக்கின்றன. அப்படியிருந்தும் அவற்றில் பல பெருகிப் பரவியுள்ளன. வளம் குன்றிய கூட்டம் எப்படிப் புதிய சூழலில் தழைக்கிறது என்ற இந்தப் புதிரை ஆக்கிரமிப்பின் மரபியல் முரண் என்று அழைக்கிறார்கள்.

முரண் தோன்றும் அளவுக்குப் பெரியதல்ல என்பதை ஒரு சிறிய கணக்கு காட்டும். சமமாக இனம்பெருக்கும் N பறவைகள் கொண்ட கூட்டம் ஒரு தலைமுறையில் இழக்கும் மரபணு வேறுபாடு ஏறத்தாழ 1/2N. பத்துப் பறவைகளாக ஒரு தலைமுறை மட்டும் இருந்தால் இழப்பு சுமார் 5 விழுக்காடு. ஐம்பதாக இருந்தால் 1 விழுக்காடு. அழிவு தருவது சுருக்கம் நீடிப்பதுதான். மைனா, சிட்டுக்குருவி, ஸ்டார்லிங் மூன்றுமே சில ஆண்டுகளுக்குள் பல மடங்காகிவிடக்கூடியவை. எனவே இழப்பு தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அரிய அல்லீல்கள் போனாலும், இறக்கை நீளம், உடல் எடை, அலகின் அளவு போன்ற பண்புகள் பல நூறு மரபணுக்களின் சிறு சிறு பங்களிப்புகளால் அமைவதால், அவற்றில் இயற்கைத் தேர்வு செயல்படப் போதிய வேறுபாடு எஞ்சியிருக்கிறது.

வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவை கலப்பதும் இழப்பை ஈடுசெய்கிறது. ஐரோப்பாவின் பச்சைக்கிளிகள் இதற்கு நல்ல சான்று. லண்டன், பிரஸ்ஸல்ஸ் முதலிய நகரங்களில் பறக்கும் கிளிகளின் டி.என்.ஏ.வை அருங்காட்சியகங்களில் உள்ள ஆசிய, ஆப்பிரிக்கக் கிளிகளோடு ஒப்பிட்டபோது, அவற்றின் மூதாதைகளில் பெரும்பகுதி பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் சேர்ந்தவை என்று தெரிந்தது. வணிகப் பதிவேடுகளும் அதையே சொல்கின்றன. குளிர்காலம் அறிந்த பகுதிகளிலிருந்து போன கிளிகளே ஐரோப்பியக் குளிரில் நிலைத்தன என்பது பொருத்தமான முடிவு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் கிளை அதில் பெரும்பங்கு வகிக்கவில்லை. கலப்பு இன்றியமையாதது என்றும் சொல்லிவிட முடியாது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மாங்க் கிளிகள் ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் பெருகியுள்ளன. தாயகத்தின் ஒரு குறுகிய பகுதியிலிருந்து சென்றவற்றின் வழிவந்த அவை, வளம் குன்றிய நிலையிலேயே நகரங்களைப் பிடித்துக்கொண்டன.

நிலைத்தபின் பரவல். அயல் பறவைகள் குளத்தில் அலைபோல் சீராக விரிவதில்லை. பெரும்பாலான குஞ்சுகள் பிறந்த இடத்தருகே கூடு கட்ட, சில மட்டும் நெடுந்தூரம் பறந்து புதிய மையங்களை உண்டாக்குகின்றன. பின்னர் அந்த மையங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று இணைகின்றன. ஸ்டார்லிங்குகள் இப்படித்தான் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு 1940களில் கலிஃபோர்னியாவை எட்டின. ஆஸ்திரேலிய மைனாக்களின் மரபணு ஆய்வு இரு வேகப் பரவல் ஒன்றை வெளிப்படுத்தியது. மைனாக்கள் தாமாகப் பரவும் வேகம் குறைவு. கண்டத்தின் கிழக்குக் கரையெங்கும் அவை காணப்படுவதற்குக் காரணம், மனிதர்கள் அவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சென்றதுதான். 1883இல் குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கும், 1968இல் கான்பெராவுக்கும் கொண்டுபோகப்பட்டவை தனித்தனி மரபணுக் குழுக்களாக இன்னும் அடையாளம் காணத்தக்கவையாக உள்ளன. வரைபடத்தில் ஒரே நிறமாகத் தெரியும் பரவல், மரபணுக்களின்படி பல குடியேற்றங்களின் ஒட்டுவேலை.

பரவலின் விளிம்பில் வேறொரு நிகழ்வு நடக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் மிகத் தொலைவு பறந்தவை மட்டுமே விளிம்பை அடைகின்றன. அங்கே துணை தேடும்போது அவற்றுக்குக் கிடைப்பவையும் தொலைவு பறந்தவைதான். தொலைவு பறக்க உதவும் மரபணுக்கள் இப்படி விளிம்பில் ஒன்றுசேர்ந்து, அடுத்த தலைமுறையை இன்னும் வேகமாகப் பரவச் செய்கின்றன. இடத்தால் ஏற்படும் இந்த வரிசைப்பாட்டை ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரைகளில் முதலில் விரிவாக ஆராய்ந்தார்கள். அதிகக் குஞ்சுகளை விட்டுச்செல்வதே இயற்கைத் தேர்வின் அளவுகோல். இங்கோ அந்த அனுகூலம் இல்லாமலேயே ஒரு பண்பு வலுப்பெற முடியும். தென்னாப்பிரிக்க மைனாக்களை அளந்தவர்கள், டர்பன் மையத்திலிருந்து தொலைவு கூடக் கூட, பறப்போடு தொடர்புடைய இறக்கை, தலை அளவுகள் மாறுவதைக் கண்டார்கள். மாற்றம் பெண் பறவைகளில் தெளிவாக இருந்தது. பறவைகளில் பொதுவாகப் பிறந்த இடத்தைவிட்டு அதிகத் தொலைவு போவது பெண்ணே என்பதோடு இது ஒத்துப்போகிறது. இரை தேடலோடு தொடர்புடைய அளவுகள் அப்படித் தொலைவைப் பின்பற்றவில்லை. அவை அந்தந்த இடத்தின் தாவரங்களையும் நகர்மயமான அளவையும் பின்பற்றின. ஒரே பறவையின் உடலில் இரண்டு வேறு காரணங்கள் இரண்டு வேறு உறுப்புகளை மாற்றியிருப்பதை இந்த ஆய்வு பிரித்துக்காட்டியது என்பதே அதன் சிறப்பு.

கென்யாவின் சிட்டுக்குருவிகள் விளிம்பு வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன. 1950 வாக்கில் மொம்பாசா துறைமுகத்தில் தோன்றிய அவை நெடுஞ்சாலை நகரங்கள் வழியாக உள்நாட்டுக்குப் பரவின. மொம்பாசாவிலிருந்து மிகத் தொலைவில் உள்ள, மிக அண்மையில் குடியேறிய கூட்டங்களின் குருவிகள் அறிமுகமற்ற இடத்தைத் துருவிப் பார்ப்பதில் கூடுதல் துணிவு காட்டின. பிடித்து அடைக்கப்பட்டபோது அவற்றின் இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் என்னும் மன அழுத்த ஹார்மோன் கூடுதலாக ஏறியது. கிருமிகளை இனங்காணும் ஏற்பிகளின் மரபணுக்களும் கூடுதலாக இயங்கின. பழக்கமில்லாத உணவும் நோயும் காத்திருக்கும் இடத்தில் இந்த மூன்றும் பயன்படக்கூடியவை.

விளிம்பில் தற்செயலும் வலுவாக இருக்கும் என்பதை மறக்கலாகாது. முன்னணியில் எப்போதும் சிலவே இருப்பதால், அங்கே தற்செயலாக இருந்த ஓர் அல்லீல் பரவலோடு சேர்ந்து பல நூறு கிலோமீட்டர் பயணித்து, புதிய பகுதி முழுவதும் பொதுவாகிவிடலாம். பயனுள்ளதா என்பது அதற்குப் பொருட்டல்ல. வரைபடத்தில் அது சூழலுக்கு ஏற்ற தகவமைப்புபோலவே தோற்றமளிக்கும்.

இயற்கைத் தேர்வு உண்மையில் நடந்தது என்பதற்கு மிகப் பழைய, இன்றும் பேசப்படும் சான்று ஒரு பனிப்புயலிலிருந்து கிடைத்தது. 1898 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸில் கடும் பனிப்புயலில் சிக்கி விழுந்து கிடந்த 136 சிட்டுக்குருவிகள் பிரவுன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. சூடான அறையில் 72 உயிர்பிழைத்தன, 64 இறந்தன. உயிரியலாளர் ஹெர்மன் பம்பஸ் இரு பிரிவையும் எடைபோட்டு, உடல் நீளம், இறக்கை விரிவு, தலை, கால் எலும்பு என ஒவ்வொன்றாக அளந்தார். அளவில் எல்லை மீறியவை கூடுதலாக இறந்தன என்பது அவர் கண்ட முடிவு. அவர் தம் அளவுகள் முழுவதையும் அப்படியே அச்சிட்டுவைத்ததால், அடுத்த நூறாண்டுகளில் பல புள்ளியியலாளர்கள் அவற்றை மீண்டும் மீண்டும் கணக்கிட முடிந்தது: ஆண்களில் பெரியவை கூடுதலாகப் பிழைத்தன, பெண்களில் நடுத்தர அளவுள்ளவை பிழைத்தன. அந்தக் குருவிகளின் மூதாதைகள் அமெரிக்காவுக்கு வந்து அப்போது அரை நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட குளிர்காலங்கள் பலமுறை வந்துபோனதன் விளைவை ரிச்சர்ட் ஜான்ஸ்டன், ராபர்ட் செலாண்டர் இருவரும் 1964இல் காட்டினார்கள். கண்டத்தின் பல பகுதிகளில் சேகரித்த குருவிகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் கண்ணுக்கே வேறுபாடு தெரிந்தது. தென்மேற்குப் பாலைவனத்துக் குருவிகள் வெளிறியவை. மழை மிகுந்த வடமேற்குக் கரையின் குருவிகள் கருமை கூடியவை. குளிர் மிகுந்த வடக்கில் உடல் பெரிது. வெப்பநாடுகளில் சிறிய உடல், குளிர்நாடுகளில் பெரிய உடல் என்று விலங்கியலார் நெடுங்காலம் முன்பே வகுத்த விதியோடும், ஈரமான இடங்களில் நிறம் அடர்ந்திருக்கும் என்ற விதியோடும் இது பொருந்தியது. சில பகுதிகளுக்குக் குருவி வந்துசேர்ந்த ஆண்டை வைத்துப் பார்த்தால், இந்த வேறுபாடு உருவாக 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க முடியாது. கிளை இனங்கள் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்று பாடநூல்கள் எழுதிவந்த காலத்தில் இது பெரும் அதிர்வை உண்டாக்கியது. அதன்பின் மரபணுத்தொகுதியைப் படிக்கும் கருவிகள் வந்தபோது, வட அமெரிக்க ஸ்டார்லிங்குகளிலும் ஆஸ்திரேலியச் சிட்டுக்குருவிகளிலும் வெப்பநிலையோடும் மழையளவோடும் சேர்ந்து மாறும் மரபணுப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. ஸ்டார்லிங்குகள் கண்டமெங்கும் ஓயாமல் கலந்துகொண்டிருப்பவை. பிற மரபணுப் பகுதிகளில் அவற்றுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. அந்தக் கலப்பையும் மீறி சில பகுதிகள் மட்டும் தட்பவெப்பத்தைப் பின்தொடர்வது, தேர்வு நடக்கிறது என்பதற்கு வலுவான அறிகுறி.

தேர்வைப் பரிசோதனையாலேயே நிறுவிய ஆய்வு அமெரிக்க ஹவுஸ் ஃபின்ச் என்னும் சிறு தானியக்குருவியைப் பற்றியது. மேற்கு அமெரிக்காவையும் மெக்சிகோவையும் தாயகமாகக் கொண்ட இதைப் பிடித்து நியூயார்க் கடைகளில் விற்றுவந்தார்கள். காட்டுப் பறவைகளை விற்பது சட்டவிரோதம் என்று அதிகாரிகள் நெருக்கியதும், 1940 வாக்கில் வணிகர்கள் கையிருப்பை லாங் ஐலண்டில் திறந்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் இடம்பெயராத பறவை அது. கிழக்கே குளிர்காலம் கடுமை. சில பத்தாண்டுகளுக்குள் கிழக்குப் பறவைகளில் ஒரு பகுதி குளிர்காலத்தில் தெற்கே வலசைபோகத் தொடங்கியதை வளையமிட்ட பறவைகளின் மீட்புப் பதிவுகள் காட்டின. வலசை என்னும் அவ்வளவு சிக்கலான நடத்தை இப்படிக் கண்ணெதிரே பெருகியதைப் பறவையியலில் வேறெங்கும் எளிதில் காண முடியாது.

1994இல் அந்தக் கிழக்குக் கூட்டத்தை ஒரு நோய் தாக்கியது. கோழிப்பண்ணைகளில் காணப்படும் மைகோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்னும் பாக்டீரியம் இவற்றின் கண்களுக்குத் தாவியது. இமை வீங்கிச் சிவந்து, கண்ணோரம் சீழ் கட்டி, பார்வை இழந்த குருவிகள் வீட்டுத் தோட்டங்களில் தானியத் தட்டுகளின் அடியில் தட்டுத்தடுமாறி நின்றன. பட்டினியாலும் பூனைகளாலும் செத்தன. பல இடங்களில் எண்ணிக்கை பாதியாகியது. பிறகு ஆய்வாளர்கள், நோயோடு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அலபாமா பறவைகளையும், நோயே எட்டாத அரிசோனா பறவைகளையும் பிடித்து, இரண்டுக்கும் அதே கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். அலபாமா பறவைகள் கிருமியை நன்றாகவே சமாளித்தன. அவற்றின் நோயெதிர்ப்பு மரபணுக்கள் இயங்கிய முறையும் வேறாக இருந்தது. நோய்ப் பரவலின் தொடக்க ஆண்டுகளில் அலபாமாவிலேயே பிடித்த பறவைகளிடம் இந்த வேறுபாடு இல்லை. குறுகிய காலத்தில், கடை மிச்சத்திலிருந்து தோன்றிய ஒரு கூட்டத்தில், நோய் எதிர்ப்பு பரிணமித்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று அரிது.

எல்லா மாற்றமும் மரபணு மாற்றம் அல்ல. செம்மீசைச் சின்னான் 1972இல் மொரீஷியஸிலிருந்து ரியூனியன் தீவுக்குப் போனது. அத்தீவின் கிழக்குச் சரிவு மழையில் நனைந்தது, மேற்கு வறண்டது. சுமார் 30 ஆண்டுகளில் இரு பக்கத்துச் சின்னான்களின் அலகு வடிவங்கள் வேறுபட்டிருந்தன. அது பரம்பரையாக வந்ததா, அல்லது ஒவ்வொரு குஞ்சும் தான் உண்ணும் கனியின் கடினத்துக்கேற்ப வளர்ந்ததா என்பதை அளவுகோல் மட்டும் சொல்லிவிடாது. ஒரே மரபணுத்தொகுதி சூழலுக்கேற்ப வெவ்வேறு உடல்களை உருவாக்க முடியும். டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறாமலே, அவற்றின்மேல் மெத்தில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுவதும் உண்டு. கென்யச் சிட்டுக்குருவிகளில், மரபணு வளம் குறைந்த கூட்டங்களிலேயே இந்த மெத்தில் அடையாளங்களின் வேறுபாடு மிகுந்திருந்தது. மரபணு இழப்பை இது ஈடுசெய்கிறது என்ற கருதுகோள் கவர்ச்சியானது. ஆனால் அந்த அடையாளங்கள் தலைமுறை தாண்டி நிலைத்து, பறவைக்கு நன்மை செய்கின்றன என்பது நிறுவப்படும்வரை, அதைக் கருதுகோளாகவே வைத்திருப்பதுதான் முறை.

தற்செயல், விளிம்பு வரிசைப்பாடு, இயற்கைத் தேர்வு ஆகியவற்றைப் பிரித்தறிய அண்மைக் காலத்தில் மிகவும் உதவுவது அருங்காட்சியக இழுப்பறைகளில் உள்ள பழைய பறவைத் தோல்கள். பொதுவாகக் குடியேறிய கூட்டத்தை இன்றைய தாயகக் கூட்டத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு அனைத்தையும் குடியேற்றத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தாயகமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதப்படுத்தப்பட்ட ஸ்டார்லிங் தோல்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இன்றைய பிரிட்டன், ஆஸ்திரேலியா இரண்டோடும் ஒப்பிட்டபோது இந்தத் தவறு வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நடந்ததாகத் தோன்றிய மாற்றங்களில் சில, உண்மையில் பிரிட்டனில் நடந்தவை. வேறு சில மரபணுப் பகுதிகளில் இரு நாட்டுப் பறவைகளும் ஒரே திசையில் மாறியிருந்தன. வேளாண்மையும் நகரமும் இரு கண்டங்களிலும் ஒரேவிதமான நெருக்கடியை உண்டாக்கியதன் விளைவாக அது இருக்கலாம். பிரிட்டனில் ஸ்டார்லிங் இப்போது வேகமாகக் குறைந்துவரும் பறவை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உள்நாட்டு இனங்களின் மரபணுக்களையே கரைத்துவிடும் அயல் பறவைகளும் உண்டு. வட அமெரிக்காவின் ரடி வாத்து 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜ் பறவைப் பண்ணைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி ஐரோப்பாவெங்கும் பரவியது. ஸ்பெயினில் 1977இல் 22 பறவைகளாகச் சுருங்கி, பெரும் பாடுபட்டு மீட்கப்பட்ட வெண்தலை வாத்துகளோடு அது கலந்து இனம்பெருக்கத் தொடங்கியது. ரடி வாத்துகள் அட்லாண்டிக்கைத் தாமாகவே கடந்து வந்திருக்கலாம், ஆகவே அவற்றைக் கொல்வது முறையல்ல என்ற வாதமும் எழுந்தது. டி.என்.ஏ. ஒப்பீடு அதற்கு விடையளித்தது: ஐரோப்பாவின் ரடி வாத்துகள் அனைத்தும் வளர்ப்புப் பண்ணையில் இருந்தவற்றின் வழிவந்தவை. பிரிட்டன் அரசு அவற்றை முற்றாக ஒழிக்கும் திட்டத்தை 2005இல் தொடங்கியது.

கட்டுப்படுத்தும் பணியில் இந்த அறிவு பயன்படும் இடம் மேற்கு ஆஸ்திரேலியா. நல்லார்பர் என்னும் மரமற்ற வறண்ட சமவெளி அந்த மாநிலத்தைக் கிழக்கிலிருந்து பிரிக்கிறது. 1970கள் முதல் அங்கே எட்டிப்பார்க்கும் ஸ்டார்லிங்குகளைப் பிடித்து அழித்துவருகிறார்கள். பிடிபட்டவற்றின் டி.என்.ஏ. கிழக்குக் கூட்டங்களிலிருந்து தனித்து நின்றது; அதனால் அவை ஆண்டுதோறும் பெருங்கூட்டமாக வந்து சேரும் விருந்தாளிகள் அல்ல, அங்கேயே இனம்பெருக்கும் சிறு கூட்டங்கள் என்பது தெரிந்து, எந்த இடத்தில் பொறி வைப்பது என்று முடிவுசெய்ய முடிந்தது. கப்பலில் வந்திறங்கும் சிட்டுக்குருவியையும் அந்த மாநிலத்தில் விட்டுவைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பாதியில் எங்கும் நிறைந்த அந்தக் குருவி அங்கே இன்றுவரை வேரூன்றவில்லை. ஓர் இனம் ஏற்கெனவே நிலைத்துவிட்ட நாட்டில்கூட, அதே இனத்தின் புதிய பறவைகள் வந்து சேர்வதைத் தடுப்பதற்கு ஒரு மரபணுக் காரணம் உண்டு. ஒவ்வொரு புதிய வரவும், தொடக்கத்தில் இழந்துபோன அல்லீல்களை மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறது.